இடைமுக உறுப்புகளின் அளபுரு அமைப்பும் தமிழ் உரையும்

திருநாவுக்கரசு என்னும் பெயர் தமிழ் எழுத்துக் கணக்கின்படி எட்டெழுத்துப் பெயர். ஒன்பது எழுத்துகளுக்கு இடம் உண்டு என்று அறிவிக்கும் ஒரு மின்படிவத்தில் இப்பெயர் முழுமையாக அமையும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆயின், வலைப்பக்க உரைக்கட்டம் ஒன்றின் நீள வரம்பை ஒன்பது என வைத்துத் தட்டச்சு செய்தால், 'திருநாவுக' என்ற அளவிலேயே பெயர் நின்றுவிடும். ககர மெய் தன் புள்ளியை இழந்து உயிர்மெய்யாகத் தோன்றும். 'கரசு' என்னும் பகுதி உள்ளே வரவே இயலாது. பார்ப்போர்க்கு, எழுதியவர் தம் பெயரையே பிழையாக எழுதினார் போலும் என்ற எண்ணம் தோன்றும்.

இஃது எழுத்துருவின் குறையன்று; விசைப்பலகையின் குறையுமன்று. கட்டத்தைத் திரையில் வரையும் செயற்கூறு, 'மீப்பெரு நீளம்' என்று ஒரு மதிப்பைக் கேட்டுப் பெறுகிறது. அந்நீளம் எதன் நீளம் என்பதை அது சொல்லவில்லை. சொல்லுமாறு கேட்கவும் இல்லை. பிழை அந்தக் கேள்வியின் அமைப்பிலேயே உள்ளது.

ஒரு செயற்கூறு வெளியிலிருந்து பெறும் மதிப்புக்கு அது ஒதுக்கிவைக்கும் பெயருடைய இடம் பாராமீட்டர் எனப்படும் அளபுரு ஆகும். அழைக்கும்போது அவ்விடத்தில் வைக்கப்படும் மதிப்பு செயலுருபு எனப்படும். பொத்தான், உரைக்கட்டம், தேர்வுப்பெட்டி போன்ற இடைமுக உறுப்புகளை இன்றைய நிரல் மொழிகளில் அமைக்கும்போது, அவற்றின் அளபுருக்கள் எவ்வாறு வரையறுக்கப்பட வேண்டும் என்பதும், அவ்வரையறை தமிழ் உரையை எவ்விடங்களில் தாங்குகிறது, எவ்விடங்களில் சிதைக்கிறது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

எதிர்வினை இடைமுகம்

முன்னைய முறையில் இடைமுக உறுப்பு என்பது ஒரு முறை உருவாக்கப்பட்டு நினைவகத்தில் வாழும் ஒரு பொருள். அதனை மாற்ற வேண்டின், 'உன் எழுத்தை மாற்று', 'உன் நிறத்தை மாற்று' என்று ஒவ்வொன்றாகக் கட்டளையிட வேண்டும். தரவு ஓரிடத்திலும் திரை வேறிடத்திலும் இருந்தமையால், இரண்டும் ஒத்துப்போகுமாறு பார்த்துக்கொள்ளும் சுமை நிரலர் மேல் இருந்தது. பெட்டியில் படிக்காத மடல் ஒன்றும் இல்லாதபோதும் அறிவிப்பில் '3' என்ற எண் நின்றுகொண்டிருக்கும் பழைய பிழை இதனால் விளைந்ததே.

2013ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ரியாக்ட் என்னும் நிரலகம் வேறொரு வழியைப் பரவலாக்கியது. அதன்படி, இடைமுகம் என்பது தரவின் சார்பு. தரவு மாறினால் உறுப்பை வரையும் செயற்கூறு புதிய மதிப்புகளுடன் மீண்டும் அழைக்கப்படும். திரையில் எப்பகுதி மாற வேண்டும் என்பதை நிரலகமே கண்டறியும். தரவின் மாற்றத்துக்குத் திரை எதிர்வினை ஆற்றுவதால் இம்முறை ரியாக்டிவ், அதாவது எதிர்வினை முறை எனப்பட்டது. கூகுள் நிறுவனத்தின் ஃப்ளட்டர் 2018இலும், ஜெட்பேக் கம்போஸ் 2021இலும் தத்தம் முதல் நிலையான பதிப்பை எட்டின. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்விஃப்ட்யூஐ 2019இல் அறிமுகமாயிற்று. இவற்றுள் கம்போஸ், கோட்லின் மொழியின் சாதாரணச் செயற்கூறுகளையே இடைமுக உறுப்புகளாகக் கொள்வது. அளபுரு பற்றிய சிக்கல்கள் அதில் தெளிவாக வெளிப்படுவதால், ஈண்டு அதுவே பெரிதும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

இம்மாற்றத்தால் ஒரு புதிய நிலை தோன்றிற்று. நல்ல முறையில் எழுதப்பட்ட எதிர்வினை உறுப்புக்கு உலகம் என்பது அதன் அளபுருக்களே. அவற்றின் வழியே வராத எதனையும் அது அறியாது. ஆகவே, அளபுருக்களில் இடம்பெறாது விடுபட்ட செய்தியை உறுப்பின் உள்ளே எத்துணைத் திறமையாக எழுதினாலும் மீட்க இயலாது.

உருபும் அளபுருவும்

செயலுருபு என்னும் கலைச்சொல் வேற்றுமை உருபை நினைவூட்டுவது. இவ்வொப்புமை மேலோட்டமானது அன்று. 'கொடு' என்னும் வினை கொடுப்பவர், கொடைப்பொருள், பெறுபவர் என மூன்றை வேண்டி நிற்கும். 'அம்மா குழந்தைக்குப் பாலைக் கொடுத்தாள்' என்னும் தொடரில் கு, ஐ என்னும் உருபுகள் பெயர்களின் பணியைக் காட்டிவிடுவதால், சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் எழுவாயையும் செயப்படுபொருளையும் பெரும்பாலும் சொல் நிற்கும் இடமே காட்டும்.

நிரல் மொழிகளிலும் இவ்விரு வகையும் உண்டு. பொத்தான்("அனுப்பு", மெய், பொய், மெய்) என்று ஓர் அழைப்பு எழுதப்பட்டால், இரண்டாம் இடத்து 'மெய்' எதனைக் குறிக்கிறது என்பதை வரையறையைத் திறந்து பார்த்தவரே அறிவர். கோட்லினில் அளபுருவின் பெயரைச் சுட்டி, பொத்தான்("அனுப்பு", இயங்கும் = மெய், முதன்மை = பொய்) என்று எழுதலாம்; பெயர் சுட்டப்பட்டபின் வரிசை கட்டாயமன்று. ரியாக்டில் எல்லாச் செயலுருபுகளும் பெயருடன் மட்டுமே தரப்படும். ஸ்விஃப்டில் பெயர் வேண்டும், வரிசையும் வேண்டும். உருபு பெற்ற அளபுருவே படிப்போர்க்கு உதவும் என்பதால், ஆம் அல்லது இல்லை என்னும் மதிப்புகளைப் பெயரின்றி அடுக்குமாறு நேரும் வரையறையைத் தவிர்ப்பது நன்று.

அவ்வகை மதிப்புகளில் மற்றொரு தீங்கும் உண்டு. 'ஏற்றப்படுகிறது', 'பிழையுற்றது' என இரண்டு மெய்–பொய் அளபுருக்கள் இருந்தால் நான்கு நிலைகள் கிடைக்கும். ஏற்றப்பட்டுக்கொண்டும் பிழையுற்றும் இருக்கும் நான்காம் நிலைக்குப் பொருளில்லை. எனினும் யாரேனும் அதனைத் தருவர். காத்திருப்பு, நிறைவு, பிழை என்னும் மூன்று வகைகளை மட்டும் கொண்ட ஒரே அளபுருவை வைத்துவிட்டால் அந்நிலையை எழுதவே முடியாது.

செயலுருபு தரப்படாதபோது கொள்ளப்படும் இயல்பு மதிப்பு, தொகையில் மறைந்து நிற்கும் உருபு போன்றது. மறைந்தது எது என்பதில் ஐயம் எழுந்தால் என்ன நிகழும் என்பதற்கு, உரையாசிரியர்கள் காட்டும் 'புலி கொல் யானை' போதிய சான்று. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்பது தொகையிலிருந்து விளங்காது. நிரலில் வெறுமை மதிப்பை இயல்பு மதிப்பாக வைக்கும்போது இதே மயக்கம் உண்டாகிறது. 'படவுரு = வெறுமை' என்பது படவுரு வேண்டா என்று பொருள்படுமா, வழக்கமான படவுருவே போதும் என்று பொருள்படுமா? கம்போஸின் வழிகாட்டு நெறிகள், வெறுமையை 'இல்லை' என்ற பொருளில் மட்டுமே கொள்ள வேண்டும் என்றும், இயல்பு மதிப்பு வரையறையிலேயே வெளிப்பட எழுதப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன.

வரிசை பற்றியும் அந்நெறிகளில் ஒரு மரபு உண்டு. கட்டாய அளபுருக்கள் முதலில் நிற்கும். அடுத்து, உறுப்பின் அளவு, ஓர இடைவெளி முதலிய புறத்தோற்றங்களை அழைப்பவரே தீர்மானிக்க உதவும் 'மாடிஃபையர்' என்னும் அளபுரு வரும். இயல்பு மதிப்புடைய பிற அளபுருக்கள் அதன் பின் வரும். உறுப்பின் உள்ளே வரையப்பட வேண்டியதைத் தரும் செயற்கூறு இறுதியில் நிற்கும்.

நிலைக்கு உரியவர் யார்?

தேர்வுப்பெட்டி ஒன்றில் குறியிடப்பட்டுள்ளதா இல்லையா என்னும் செய்தி அதன் நிலை. அந்நிலையைப் பெட்டியே வைத்துக்கொண்டால் பெட்டி தன்னளவில் இயங்கும். ஆனால் 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்னும் பொத்தானால் அதனை மாற்ற இயலாது. ஆகவே நிலையை அழைப்பவரிடம் ஏற்றிவிடுவது எதிர்வினை முறையின் வழக்கம். அப்போது உறுப்புக்கு இரண்டு அளபுருக்கள் அமையும்: ஒன்று இப்போதைய மதிப்பு, மற்றொன்று, பயனர் மாற்ற முயன்றதை அறிவிக்க உறுப்பு அழைக்க வேண்டிய செயற்கூறு.

தேர்வுப்பெட்டி(குறியுள்ளது: மெய்/பொய், மாற்றக்கேட்டால்: மெய்/பொய் → ஒன்றுமில்லை)

இவ்வமைப்பில் உறுப்பு தானாக எதனையும் மாற்றுவதில்லை. அது விண்ணப்பிக்கிறது, உரியவர் இசைந்தால் புதிய மதிப்பு அளபுரு வழியே திரும்பி வருகிறது. இசையாவிடில் பெட்டி அசையாது. 'மாற்றக்கேட்டால்' என்று பெயரிடுவதும் 'மாற்றியபின்' என்று பெயரிடுவதும் ஒன்றல்ல என்பதை நிரலர் பலர் கருதுவதில்லை.

ஸ்விஃப்ட்யூஐ வேறு வழி கொண்டது. அதில் 'பைண்டிங்' என்னும் வகை, படிக்கும் உரிமையையும் எழுதும் உரிமையையும் ஒரே அளபுருவில் தருகிறது. எழுதுவதற்கு எளிது, ஆனால் மாற்றத்தை இடைமறித்துச் சரிபார்க்கும் இடம் அழைப்பில் வெளிப்படையாகத் தெரியாது. கம்போஸில் மாறத்தக்க நிலைப்பொருளை அப்படியே அளபுருவாக அனுப்ப இயலும் எனினும், ஒரே நிலைக்கு இருவர் உரியவராகிவிடுவர் என்னும் காரணத்தால் நெறிகள் அதனை விலக்குகின்றன.

மதிப்பைத் தருவதற்கு மாறாக, கேட்டால் மதிப்பைத் தரும் செயற்கூறு ஒன்றைத் தருவதும் உண்டு. கம்போஸ் இயற்றல், இடவமைவு, வரைதல் என மூன்று படிகளில் திரையை ஆக்குகிறது. பக்கம் எவ்வளவு உருட்டப்பட்டுள்ளது என்பதை வெறும் எண்ணாகத் தந்தால், எண் மாறும் ஒவ்வொரு முறையும் முதற்படியிலிருந்து எல்லாம் மீளும். எண்ணைத் தரும் செயற்கூறாகத் தந்தால் அவ்வெண் தேவைப்படும் படியில் மட்டும் படிக்கப்படும். முன்னைய படிகள் ஓயும். விரைந்து மாறும் மதிப்புகளுக்கு இவ்வுத்தி நன்கு பயன்படும். மற்றவற்றுக்கு இதனைக் கையாள்வது படிப்போரைக் குழப்புவதன்றி வேறு பயன் தராது.

உரைக்கட்டம் என்னும் விதிவிலக்கு

மதிப்பும் அறிவிப்பும் என்னும் இணை தேர்வுப்பெட்டிக்குப் பொருந்துவதுபோல் உரைக்கட்டத்துக்கும் பொருந்தும் என்றே முதலில் கருதப்பட்டது. கம்போஸில் அவ்வாறே அமைந்தது:

உரைக்கட்டம்(மதிப்பு: சரம், மாற்றக்கேட்டால்: சரம் → ஒன்றுமில்லை)

ஆங்கிலம் தட்டச்சு செய்வோர்க்கு இது பெரும்பாலும் இடர் தருவதில்லை. ஒரு விசைக்கு ஓர் எழுத்து. எழுத்து உரையின் இறுதியில் சேரும். தமிழில் நிகழ்வது வேறு. ஒலிபெயர்ப்பு முறையில் 'கா' என்னும் எழுத்தை உள்ளிடுவோரை நோக்குக. ஆங்கிலக் 'கே' விசையை அழுத்தியதும் 'க்' தோன்றும். 'ஏ' விசையை அழுத்தியதும் புள்ளி நீங்கி 'க' ஆகும். மீண்டும் அதே விசையை அழுத்தினால் 'கா' ஆகும். மூன்று விசைகளால் அமைந்தது ஓர் எழுத்து; இடையில் முன்னர் எழுதியது திருத்தப்படுகிறது. தமிழ்நாடு அரசு ஏற்றுள்ள தமிழ்99 விசைப்பலகையிலும் ந, த என்னும் விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால் 'ந்த' கிடைக்கும். பின்வரும் விசையே முன்னின்ற எழுத்துக்குப் புள்ளி தருகிறது.

ஆகவே தட்டச்சின்போது உரை என்பது எழுத்துகளின் சரம் மட்டுமன்று. சுட்டி நிற்கும் இடம் ஒன்று. இன்னும் முடிவுறாமல் உருவாகிக்கொண்டிருக்கும் பகுதி எது என்பது மற்றொன்று. இரண்டாவதை விசைப்பலகைச் செயலி தன் கணக்கில் வைத்துக்கொண்டு, அடுத்த விசை வரும்போது அப்பகுதியை நீக்கி வேறு எழுத்தை வைக்கிறது. உரைக்கட்டத்தின் அளபுரு சரம் மட்டும் என்றால் இவ்விரண்டும் அழைப்பவருக்குச் சேர்வதில்லை. அழைப்பவர் திருப்பித் தருவதிலும் இருப்பதில்லை.

அழைப்பவர் பெற்ற சரத்தை உடனே அவ்வாறே திருப்பித் தரும்வரை கேடு வெளிப்படாது. அவர் அதனைச் சரிபார்க்க எங்கோ அனுப்பி, சிறிது தாழ்த்துத் திருப்பினாலோ, சற்றே மாற்றித் திருப்பினாலோ, திரையிலுள்ள உரையும் விசைப்பலகை நினைத்துக்கொண்டிருக்கும் உரையும் வேறுபட்டுவிடும். புள்ளி நீங்காமல் 'க்அ' என நிற்றல், ஓர் எழுத்து இருமுறை வருதல், சுட்டி இறுதிக்குத் தாவுதல் ஆகியவை இதன் விளைவுகள்.

மாற்றித் திருப்புதலுக்குத் தமிழிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். யூனிகோடில் 'கொ' என்னும் எழுத்தை இருவகையாகக் குறிக்க இயலும். ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வகை. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. முதலதில் இரண்டு குறிமதிப்புகள், இரண்டாவதில் மூன்று. தரவுத்தளத்தில் தேடும்போது இரண்டும் ஒன்றாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதால் ஒருமைப்படுத்துதல் தேவை. அதனை ஒவ்வொரு விசைக்கும் செய்தால், மூன்று குறிமதிப்புகள் இரண்டாகச் சுருங்கும். சுட்டி மூன்றாம் இடத்தில் இருப்பதாக விசைப்பலகை கருதிக்கொண்டிருக்கும். நன்னோக்கத்துடன் செய்த திருத்தமே உரையைச் சிதைக்கும். ஒருமைப்படுத்துதலைச் சேமிக்கும் நேரத்தில் செய்வதே தக்கது. (ஔகாரக் குறிக்கு மாறாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து 'கெள' என்று எழுதும் பழக்கம் வேறொரு சிக்கல், அதனை எவ்வகை ஒருமைப்படுத்துதலும் தீர்ப்பதில்லை.)

இக்குறையைப் போக்கக் கம்போஸில் மற்றொரு வடிவமும் தரப்பட்டது. அதில் மதிப்பு என்பது உரை, சுட்டியின் இடம், உருவாகும் பகுதி ஆகிய மூன்றையும் கொண்ட தொகுப்பு. செய்தி விடுபடுவது நீங்கிற்று. ஆயினும் தாழ்த்துத் திருப்புவதால் வரும் பொருந்தாமை நீங்கவில்லை. அதனால் 2023இல் சோதனை நிலையில் வெளிவந்து பின்னர் நிலைபெற்ற புதிய உரைக்கட்டத்தில், மதிப்பும் அறிவிப்பும் என்னும் இணையே கைவிடப்பட்டது. உரையின் நிலையைத் தானே காக்கும் ஒரு நிலைப்பொருள் அளபுருவாக வந்தது. அழைப்பவர் அப்பொருளை ஆக்கி வைத்திருப்பார். உள்ளீட்டைத் திருத்த வேண்டுமாயின் அதற்கெனத் தனியே உள்ள அளபுருவில் ஒரு விதியைத் தருவார். ஃப்ளட்டர் 'கண்ட்ரோலர்' என்னும் ஒத்த அமைப்பைக் கொண்டிருந்தது.

மாறத்தக்க நிலைப்பொருளை அனுப்பலாகாது என்று முன்னர்க் கூறிய நெறிக்கு இது முரணாகத் தோன்றலாம். தேர்வுப்பெட்டியின் நிலைக்கு உரியவர் ஒருவரே. தட்டச்சின்போது உரைக்கு உரியவர் இருவர்: நிரல் ஒருவர், விசைப்பலகைச் செயலி மற்றொருவர். அவ்விருவரின் மாற்றங்களையும் ஒழுங்குபடுத்த நடுவே ஒரு பொருள் வேண்டியதாயிற்று. நெறியை எழுதியோர் கவனியாத இரண்டாம் உரியவரை வெளிப்படுத்தியதில், எழுத்தை உருவாக்கி உருவாக்கி எழுதும் மொழிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

சொல்லைப் பெறுதலும் தொடரைப் பெறுதலும்

ஒரு பொருளை நீக்குமுன் பயனரின் இசைவைக் கேட்கும் உரையாடல் பெட்டியைப் பலரும் இவ்வாறு அமைப்பர்:

நீக்கல்பெட்டி(பொருளின்பெயர்: சரம், இசைந்தால்: செயற்கூறு)

பெட்டியின் உள்ளே, வந்த பெயருடன் முன்னும் பின்னும் நிலையான சொற்கள் ஒட்டப்படும். ஆங்கிலத்தில் பெயர் மாறுவதில்லை; ஆதலின் ஒட்டுவது எளிது. தமிழில் ஐ உருபை ஒட்டினால் 'படம்ஐ நீக்கவா?', 'வீடுஐ நீக்கவா?' என வரும். படம் படத்தை எனவும், வீடு வீட்டை எனவும், கோப்பு கோப்பை எனவும் ஆக வேண்டும் என்பதை அப்பெட்டி அறியாது. (கோப்பை என்பது குடிக்கும் கலத்தையும் குறிக்கும் என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேறொரு தலைவலி.) சாரியையும் புணர்ச்சியும் பெயருக்குப் பெயர் வேறுபடுவன. அவ்விதிகளை ஒவ்வோர் உறுப்பினுள்ளும் எழுதுதல் நடைமுறைக்கு ஒவ்வாது.

தீர்வு அளபுருவை மாற்றுவதில் உள்ளது. உறுப்பு சொல்லைக் கேளாமல் முழுத் தொடரையும் கேட்க வேண்டும். கம்போஸின் நெறிகள் இதனினும் ஒரு படி மேலே சென்று, சரத்துக்கு மாறாக 'ஸ்லாட்' என்னும் இடத்தை அளபுருவாக வைக்குமாறு பரிந்துரைக்கின்றன. அவ்விடத்தில் வரையப்பட வேண்டியதை அழைப்பவரே ஒரு செயற்கூறாகத் தருவார். அங்ஙனம் பரிந்துரைத்தோர் கருதியது எழுத்தின் தடிப்பு, நிறம், படவுரு முதலியவற்றில் அழைப்பவருக்கு உரிமை தருவதையே. அவர்கள் கருதாத பயன் ஒன்றும் அதனுள் உள்ளது: தொடரை அமைக்கும் பொறுப்பு, அம்மொழியின் இலக்கணத்தை அறிந்த இடத்துக்கு நகர்கிறது.

பயனர் தாமே இட்ட பெயராக இருப்பின், அழைப்பவரும் அதன் வேற்றுமை வடிவத்தை முன்கூட்டி அறிய இயலாது. அங்கு மொழிபெயர்ப்பாளர்கள் கையாளும் உத்தி ஒன்று உண்டு. "'வரவுசெலவு 2' என்னும் கோப்பை நீக்கவா?" என்று எழுதினால், உருபை ஏற்பது 'கோப்பு' என்னும் அறிந்த சொல், அறியாத பெயர் திரியாமல் நிற்கும். இவ்வுத்திக்கும் பெட்டி முழுத் தொடரை ஏற்பதாக இருத்தல் வேண்டும்.

எண்ணிக்கை காட்டும் உறுப்புகளிலும் இந்நிலையே. எண், அலகு என இரண்டு அளபுருக்களைப் பெற்று, எண் ஒன்றுக்கு மேற்பட்டால் 'கள்' சேர்க்கும் உறுப்பு, மரம்கள், சொல்கள், பூகள் என்று எழுதிக் காட்டும். மரங்கள், சொற்கள், பூக்கள் என்பன அதற்குத் தெரியா. யூனிகோடு அமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பு தமிழுக்கு ஒருமை, பிற என்னும் இரண்டு எண் வகைகளையே வைத்துள்ளது. ஆனால் அஃறிணைப் பெயர் எண்ணுப்பெயருக்குப் பின் 'கள்' பெறாமலும் வரலாம் என்பதும், 'நீக்கப்பட்டது', 'நீக்கப்பட்டன' என வினைமுற்றும் உடன் மாறும் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கன. எனவே அலகுப் பெயரைச் சரமாகப் பெறுவதைவிட, எண்ணைத் தந்தால் முழுத் தொடரைத் தரும் செயற்கூற்றைப் பெறுவது பொருந்தும்:

எண்ணிக்கைப்பட்டை(எண்: முழுவெண், தொடர்: முழுவெண் → சரம்)

மனிதப் பெயர்களைக் காட்டும் உறுப்புகளும் இவ்வகையினவே. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாய அளபுருக்களை வைத்தவர், எல்லார்க்கும் இரண்டும் உண்டு என்று கருதியவர். தமிழகத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். குடும்பப்பெயர் என ஒன்று இல்லாதவரே மிகுதி. இரண்டாம் அளபுருவில் எதனையேனும் இட்டாக வேண்டுமென்பதால், தந்தையின் பெயரும் சில வேளைகளில் வெறும் புள்ளியும் அங்கே சென்று சேர்கின்றன. படமில்லாதவர்க்கு வட்டத்தினுள் பெயரின் முதலெழுத்தைக் காட்டும் உறுப்பு, பெயரைச் சரமாகப் பெற்று முதற்குறியை மட்டும் எடுத்தால், கோதைக்கும் கௌசல்யாவுக்கும் கீர்த்தனாவுக்கும் 'க' என்றே காட்டும். கோ, கௌ, கீ என்று காட்ட வேண்டின், காட்டவேண்டிய எழுத்தையே தனி அளபுருவாகப் பெறலாம். அல்லது குறிமதிப்புகளை எழுத்துகளாகத் தொகுக்கும் யூனிகோடு விதியைக் கையாளலாம்.

நீளத்தின் அலகு

தொடக்கத்தில் கூறிய பெயர்க்கட்டத்துக்கு மீள்வோம். திருநாவுக்கரசு என்பதில் தி, ரு, நா, வு, க், க, ர, சு என எட்டு எழுத்துகள். யூனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிமதிப்புகள் ஆதலின் அதே பெயர் பதினான்கு குறிமதிப்புகளாகும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறிமதிப்பு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்வதால், சேமிக்கும்போது நாற்பத்திரண்டு பைட்டுகள் ஆகும். எட்டு, பதினான்கு, நாற்பத்திரண்டு ஆகிய மூன்றுமே அப்பெயரின் நீளங்கள். வலைப்பக்கத்தின் நீள வரம்பு யூடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகிறது. தமிழ்க் குறிமதிப்புகளுக்கு அவ்வலகு ஒன்றுக்கு ஒன்று. எனவேதான் ஒன்பது என்னும் வரம்பு ககரத்தோடு முடிந்து புள்ளியை வெளியே நிறுத்திற்று.

கம்போஸில் இடைவெளியின் அளவை வெறும் எண்ணாகத் தர இயலாது. திரையின் அடர்த்தியைச் சாராத அலகுக்கு ஒரு வகை, எழுத்தின் அளவுக்கு மற்றொரு வகை என்று தரவு வகைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒன்றுக்கு மாறாக மற்றொன்றைத் தந்தால் நிரல் தொகுக்கப்படாது. இடைவெளிக்கு இத்துணைக் காப்பு அளித்தோர், உரையின் நீளத்தை மட்டும் அலகற்ற முழுவெண்ணாக விட்டுவைத்தனர். ஓர் எழுத்து ஓர் அலகு என்னும் மொழிப் பழக்கத்தில் அலகைக் குறிக்கும் தேவை தோன்றாதிருந்தது இயல்பே.

வரம்பு எதற்கு என்பதை முதலில் தெளிந்துகொண்டால் அளபுருவும் தெளியும். தரவுத்தளத்தின் நிரலில் நாற்பது பைட்டுகளே இடம் எனில், வரம்பு பைட்டுகளில் சொல்லப்பட வேண்டும். அப்போது திருநாவுக்கரசு உண்மையிலேயே அடங்காது, திருத்தப்பட வேண்டியது தரவுத்தளமே என்பதும் தெரியவரும். அச்சிடும் அட்டையில் இடம் குறைவு எனில், அளக்கப்பட வேண்டியது எழுத்துகளின் எண்ணிக்கையன்று, அவை கொள்ளும் அகலம். படிப்போர் வசதிக்கு எனில், எழுத்து எண்ணிக்கை பொருந்தும். அங்கும் க்ஷ, ஸ்ரீ போன்றவற்றை யூனிகோடின் பொது விதி இரண்டிரண்டாகவே எண்ணும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எனவே மீப்பெரு நீளம் என்னும் முழுவெண்ணுக்கு மாறாக, சரத்தைப் பெற்று 'அடங்கும்' அல்லது 'அடங்காது' என விடைதரும் செயற்கூற்றை அளபுருவாக வைத்தால், எண்ணும் முறையை அதனை அறிந்தவரே தருவார்.

அடங்காதபோது என்ன செய்வது என்பது வேறு அளபுருவுக்கு உரியது. மிகுதியை ஓசையின்றி வெட்டுவது பெயர்க்கட்டத்துக்குத் தகாது. வெட்டத்தான் வேண்டுமெனின், எழுத்தின் நடுவே வெட்டாது எழுத்தெல்லையில் நிறுத்த வேண்டும். முழுப் பெயரையும் எழுதவிட்டு, அடங்காத பகுதியை நிறத்தால் காட்டி, அனுப்பும் பொத்தானை மட்டும் நிறுத்திவைக்கும் உறுப்பில், திருநாவுக்கரசு தம் பெயரை முழுமையாகத் திரையில் காண்பார். எவ்வளவு மிகுந்தது என்பதையும் எந்த அலகில் மிகுந்தது என்பதையும் அக்கட்டமே அவருக்குத் தெரிவிக்கும்.